பை வேறு, பன்னிரண்டு பேர் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்), தூள் சலிக்கிற பகுதியில் 22 வருடமாக வேலை செய்கிறேன். உங்கள் ஞாயிறு இதழை, டவுனுக்குப் போகிற யாரிடமாவது காசு கொடுத்துவிட்டு, வாரம் தவறாமல் வாங்கிப் படிக்கிறவன். இதுவரை கடிதம் எழுதியதில்லை. இது கொஞ்சம் நீளமாகத்தான் போகும். வெட்டுவதானால் வீட்டுக் கதையை வெட்டுங்கள், மருந்துக் கதையை வெட்டாதீர்கள்.

சென்ற மாதம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் வந்த கட்டுரை பற்றித்தான் எழுதுகிறேன். நீரிழிவுக்காரர்களுக்கு இனி ஊசி வேண்டாம் என்ற பொருளில் நாலு பத்தி அகலத்துக்குத் தலைப்பு. கீழே, உள்ளங்கையில் ஒரு சின்னப் பையை வைத்திருக்கும் படம். ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த கலங்களை அந்தப் பைக்குள் அடைத்து உடம்புக்குள் வைத்துவிடுகிறார்கள், வைத்துக்கொண்ட 12 பேரில் 10 பேருக்கு இன்சுலின் ஊசியே நின்றுவிட்டது என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் சின்னவளுக்கு 15 வயது. ஒன்பது வயதிலிருந்து இன்சுலின் போடுகிறாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராத்திரி ஒன்று. இதுவரை ஆறாயிரம் ஊசிக்கு மேல் ஆகிவிட்டது. தெளிந்த மருந்தை முதலில் இழுக்க வேண்டும், கலங்கிய மருந்தை அப்புறம் இழுக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டில் நாலு வயதுப் பேரனுக்கும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டுக்குள் அந்தத் தலைப்பு எப்படி வந்து விழுந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அன்றைக்குப் பின்னேரம் என் மச்சான் ஒரு கையில் பத்திரிகையும் மறு கையில் ஜிலேபிப் பார்சலுமாக வந்துவிட்டார். டவுனில் சில்லறைக்கடை வைத்திருப்பவர், பிள்ளைமேல் உயிர். "இனி என்னா பயம், சாப்புடு புள்ள, அமெரிக்காவுல கண்டுபுடிச்சிட்டான்" என்று சொல்லிக் கையில் வைத்தார். என் அம்மா கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். பக்கத்துக் காம்பராக்களில் இருந்தெல்லாம் வந்து படத்தைப் பார்த்தார்கள். பிள்ளை இரண்டு ஜிலேபி சாப்பிட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். தடுக்க மனம் வரவில்லை. விடிய எழுந்து குத்திப் பார்த்தால் இரத்தத்தில் சீனி 380. அன்று பள்ளிக்கூடம் இல்லை. தண்ணீர் குடிக்கக் கொடுத்து, மருந்தைக் கூட்டிப் போட்டு, 200 பக்கம் இறக்குவதற்குள் மத்தியானம் ஆகிவிட்டது. அதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஜிலேபியை நீங்களா அனுப்பினீர்கள்?

குறை வேறு இடத்தில். அடுத்த கிளினிக் நாளில், அந்தக் கட்டுரையை வெட்டி கிளினிக் கொப்பிக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். என்னிடம் சொல்லவில்லை. முறை வந்ததும் எடுத்து மேசைமேல் வைத்து, "டொக்டர் மிஸ், எனக்கு எப்ப பை வைப்பீங்க?" என்று கேட்டாள். இளம் டொக்டர், நம் ஆள்தான். வெளியே நாற்பது பேர் வரிசையில் இருந்தும் முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, "மகள், இதில ரெண்டு கதையைக் கலந்து எழுதியிருக்கிறாங்க. பை வேற, அந்தப் பன்னிரண்டு பேர் வேற" என்றார். கொப்பியின் பின்னட்டையில் ஒரு படம் போட்டுக் காட்டினார். அதற்குமேல் நேரமில்லை.

பஸ்ஸில் வரும்போது லிந்துலை தாண்டும்வரை பிள்ளை பேசவில்லை. அப்புறம், "அப்ப பேப்பர்ல பொய்யாப்பா போட்டிருக்காங்க?" என்றாள். "பொய் இல்ல புள்ள. ரெண்டு உண்மைய ஒண்ணா வச்சுத் தைச்சிட்டாங்க" என்றேன். அந்த நேரத்தில் எனக்கும் அவ்வளவுதான் தெரியும்.

மிச்சத்தை எங்கள் பெரியவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பேராதனையில் விஞ்ஞானம் படிக்கிறாள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடையாது; கோயிலுக்கு மேலே இருக்கும் கல்லில் ஏறி நின்றால்தான் பேசலாம். ஒரு வாரம் தினமும் ஏழு மணிக்குக் கல்லில் ஏறினேன். அட்டைக்கடியோடு கேட்டுக்கொண்ட விஷயம் என்பதால் உங்கள் வாசகர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

நாம் சாப்பிடுகிற சீனி இரத்தத்தில் ஏறும்போது, அதை அளந்து பார்த்து இன்சுலின் விடுகிற கலங்கள் சதையியில் இருக்கின்றன. (பிள்ளைகளின் பாடப்புத்தகத்தில் சதையி, உங்கள் பத்திரிகையில் கணையம். இரண்டும் ஒன்றுதான் என்று புரியவே எனக்கு ஒரு நாள் போனது.) சின்னவளுக்கு வந்திருக்கும் முதலாம் வகை நீரிழிவில், அவளுடைய உடம்பின் காவற்படையே அந்தக் கலங்களைப் பகை என்று நினைத்து அழித்துவிட்டது. ஆகவே வெளியிலிருந்து புதிதாகக் கலங்களைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே படை வந்து அழிக்கும். அதோடு, அவை வேறொருவருடைய கலங்கள் என்ற பகையும் சேர்ந்துகொள்ளும்.

கனடாவில் எட்மன்டன் நகரத்தில் 2000ஆம் ஆண்டு ஜேம்ஸ் ஷாபிரோ என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் இறந்தவர்களின் சதையியிலிருந்து அந்தக் கலக்கூட்டங்களைப் பிரித்தெடுத்து, ஏழு பேருக்கு ஈரலுக்குப் போகும் நாளம் வழியாகச் செலுத்தினார்கள். ஏழு பேருக்கும் ஊசி நின்றது. ஆனால் காவற்படையை அடக்கி வைக்கும் மாத்திரையை அவர்கள் நிறுத்தாமல் விழுங்க வேண்டியிருந்தது. ஒரு ஆளுக்கே இரண்டு மூன்று பேருடைய சதையி தேவைப்பட்டது. வருடங்கள் போகப்போக அந்த முறையில் சிகிச்சை எடுத்த பலர் திரும்ப ஊசிக்கே வந்தார்கள்.

இதில் இரண்டு சிக்கல். கலங்களுக்கு எங்கே போவது? மாத்திரை இல்லாமல் அவற்றை எப்படிக் காப்பது?

முதலாவது சிக்கலை எங்கள் தோட்டத்து ஆட்களுக்குச் சுலபமாகச் சொல்லிவிடலாம். முன்பு விதை போட்டுத் தேயிலை வளர்த்தார்கள். அப்புறம் நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து ஆயிரக்கணக்கில் துண்டு வெட்டித் தவறணை என்கிற நாற்றுமேடையில் வளர்க்கத் தொடங்கினார்கள். ஸ்டெம் செல்லும் அப்படித்தான். ஒரு தாயிலிருந்து எவ்வளவு வேண்டுமானாலும் பெருக்கலாம். அப்புறம் படிப்படியாக மருந்து மாற்றி மாற்றி ஊட்டி, இன்சுலின் விடுகிற கலமாகப் பழக்க வேண்டும். இதைப் பெருமளவில் செய்யும் வழியை 2014இல் வெளியிட்டவர்களில் முக்கியமானவர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து டக்ளஸ் மெல்ட்டன். அவரைப் பற்றிப் பெரியவள் சொன்னபோது கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்த மனிதர் முதலில் தவளை முட்டையை ஆராய்ந்துகொண்டிருந்தவராம். கைக்குழந்தையாக இருந்த மகனுக்கு முதலாம் வகை நீரிழிவு வந்ததும் அந்த ஆராய்ச்சியை விட்டுவிட்டு இதற்கு வந்திருக்கிறார். பிறகு மகளுக்கும் அதே நோய். ஆராய்ச்சியை வெளியே கொண்டுபோகத் தொடங்கிய கம்பனிக்கு, சாம், எம்மா என்ற அந்தப் பிள்ளைகளின் பெயரை ஒட்டவைத்து ‘செம்மா’ என்று பெயர் வைத்தார். அதை 2019இல் வேர்டெக்ஸ் என்ற பெரிய மருந்துக் கம்பனி வாங்கியது. உங்கள் கட்டுரையில் வந்த கலங்கள் அந்த வழியில் வந்தவைதான்.

இரண்டாவது சிக்கலுக்குத்தான் பை. அது என் தொழில் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

டீ பேக்கைச் சுடுதண்ணீரில் போட்டால் சாயம் வெளியே வரும், தூள் வெளியே வராது. (டீ பேக் குடிப்பதை நான் மதிக்கிறதில்லை, அது வேறு கதை.) கலங்களை அடைக்கிற உறையும் அந்த மாதிரித்தான். இரத்தத்துச் சீனி உள்ளே போக வேண்டும், இன்சுலின் வெளியே வர வேண்டும், காவற்படை மட்டும் உள்ளே நுழையக் கூடாது. குளுக்கோஸ் மூலக்கூறின் எடை 180 என்று வைத்தால், இன்சுலின் ஏறத்தாழ 5,800, காவற்படையின் ஆயுதமான பிறபொருளெதிரி 150,000 என்று பெரியவள் கணக்குச் சொன்னாள். கேட்டவுடன் எனக்கு விளங்கிவிட்டது. 12ஆம் நம்பர் வலையில் எது நிற்கும், எது விழும் என்று பார்ப்பதுதானே என் பிழைப்பு. இவ்வளவு வித்தியாசம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சலிக்கலாமே என்று நினைத்தேன்.

இப்படி நினைத்தவன் நான் மட்டும் இல்லை. 1980இலேயே லிம், சன் என்ற இரண்டு பேர், கடற்பாசியிலிருந்து எடுக்கும் அல்ஜினேட் என்ற பசையால் சின்னச் சின்ன உருண்டை செய்து, அதற்குள் கலங்களை வைத்து, நீரிழிவு வந்த எலிகளுக்குப் போட்டு, இரண்டு மூன்று வாரம் சீனியைக் கட்டுப்படுத்திக் காட்டிவிட்டார்கள். அன்றிலிருந்து இன்றுவரை நாற்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இன்சுலின் வந்த வேகத்தோடு இதை ஒப்பிடவே முடியாது. 1921இல் டொரொன்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களில் சோதித்தார்கள். 1922 ஜனவரியில் லெனாட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு ஊசி போட்டாகிவிட்டது. பை ஏன் இவ்வளவு இழுக்கிறது?

இழுப்பதற்குக் காரணம் நார். நாங்கள் சலிக்கும்போது வலையில் தேயிலை நாரும் தும்பும் வந்து படியும். கவனிக்காமல் அரை மணித்தியாலம் விட்டால், ஓட்டை அப்படியே இருக்கும், ஆனால் தூள் இறங்காது. டீமேக்கர் ஐயா வந்து கத்துவார். உடம்பும் இதையே செய்கிறது. வெளியிலிருந்து ஒரு பொருள் உள்ளே வந்தால், அதைச் சுற்றி நார்த்திசுவை நெய்து மூடிவிடுகிறது. முள் குத்தி உள்ளே தங்கினால் சுற்றிலும் கெட்டியாவதைப் பார்த்திருப்பீர்கள். படை உள்ளே நுழையவில்லை, உண்மைதான். ஆனால் வெளியே முற்றுகை போட்டு, உள்ளே இருப்பவர்களை மூச்சுமுட்டவைத்துவிடுகிறது.

மூச்சு என்று சும்மா சொல்லவில்லை. இந்தக் கலக்கூட்டங்கள் சதையியின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். ஆனால் சதையிக்கு வரும் இரத்தத்தில் பத்துப் பங்குக்கு மேல் அவையே இழுத்துக்கொள்கின்றன. ஒட்சிசனுக்கு அவ்வளவு பசி. பைக்குள் இரத்தக்குழாய் போகாது. சுவர் வழியாகக் கசிந்து வருவதை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். அதிலும் நார் படிந்துவிட்டால் கதை முடிந்தது. தவறணைப் பொலித்தீன் பையில் வளர்ந்த கன்றை நடும்போது பையைக் கிழித்துவிட்டு நடுவோம், கிழிக்க மறந்தால் கன்று நிற்காது. இங்கே கிழிக்கவும் முடியாது.

இப்படித்தான் 2014இல் அமெரிக்காவில் வயாசைட் என்ற கம்பனி மனிதர்களில் சோதிக்கத் தொடங்கிய பை நாரில் மாட்டியது. அப்புறம் அவர்கள் ஓட்டை போட்ட பை செய்தார்கள், இரத்தக்குழாய் உள்ளே வரட்டும் என்று. குழாய் வந்தால் படையும் வருமே? ஆகவே திரும்ப அடக்கும் மாத்திரை. சுவீடனில் இன்னொரு பையைச் சோதித்தபோது ஒட்சிசன் பசிக்கு ஒரு வழி செய்தார்கள்: தோலுக்கடியில் ஒரு வாய் வைத்து, அதன் வழியாகத் தினமும் ஊசியால் ஒட்சிசன் நிரப்புவது. இதைச் சின்னவளிடம் சொன்னேன். "அப்ப தினம் ஊசி போடாம இருக்கறதுக்கு, தினம் ஊசி போடணுமாப்பா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த வாரத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

இனி உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். வேர்டெக்ஸ் கம்பனி ஒரே வகைக் கலத்தை இரண்டு விதமாகச் சோதித்தது. ஒன்றில் பை இல்லை. எட்மன்டனில் செய்ததுபோல ஈரல் நாளம் வழியாகச் செலுத்தினார்கள். முழு அளவு ஏற்றிக்கொண்ட 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருடம் கழித்து ஊசி தேவைப்படவில்லை. அது 2025 ஜூனில் பெரிய மருத்துவச் சஞ்சிகையில் வந்தது, உண்மை, பெரிய விஷயம். ஆனால் அத்தனை பேரும் காவற்படையை அடக்கும் மருந்தில் இருந்தார்கள். மற்றச் சோதனையில்தான் அதே கலங்களைப் பைக்குள் அடைத்தார்கள், அடக்கும் மருந்து இல்லாமல். அந்தக் கலங்கள் விட்ட இன்சுலின் போதுமான அளவுக்கு வரவில்லை. சோதனையை மேலே கொண்டுபோகப் போவதில்லை என்று 2025 மார்ச்சில் கம்பனியே அறிவித்துவிட்டது.

அதாவது ஐயா, நீங்கள் தோற்ற சோதனையின் படத்தை எடுத்து, வென்ற சோதனையின் கணக்கை அதற்குக் கீழே போட்டிருக்கிறீர்கள். நாங்கள் இப்படிக் கிரேட் மாற்றிச் சாக்கில் அடைத்தால் கொழும்பிலிருந்து சாக்கு திரும்பி வரும்.

காவற்படையை அடக்கினால் என்ன, மாத்திரைதானே என்று கேட்பார்கள். என் மச்சானும் கேட்டார். முதற்சோதனையில் மொத்தம் 14 பேர் சேர்ந்தார்கள், அதில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவருக்கு ஏற்கெனவே இருந்த மூளை நோய் முற்றியது. மற்றவருக்குக் கிரிப்டோகொக்கஸ் என்ற பூஞ்சையால் மூளைக்காய்ச்சல். ஏற்றிய கலங்களால் வந்தவை அல்ல என்கிறார்கள் வைத்தியர்கள். சரி. ஆனால் காவற்படையைத் தூங்கவைத்த உடம்பில் பூஞ்சை என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தென்மேற்கு மழை பிடித்தால் எங்கள் காம்பராச் சுவரில் கறுப்புப் பூஞ்சை ஆள் உயரத்துக்கு ஏறும். இரண்டு மாதத்துக்குத் துணி காயாது. அடுப்பு விறகுப்புகை. ஒரு பிள்ளைக்குச் சளி வந்தால் வரிசையில் எல்லாக் காம்பராவுக்கும் வரும். இந்த இடத்தில் வைத்துக்கொண்டு என் பிள்ளையின் எதிர்ப்புச் சக்தியை வாழ்நாள் முழுக்க அடக்கு என்றால் நான் மாட்டேன். ஊசியே போதும் என்பேன்.

அந்தப் பன்னிரண்டு பேர் ஏன் ஒத்துக்கொண்டார்கள் என்றும் கேட்டேன். அவர்கள் எல்லோரும், சீனி திடீரென்று இறங்கி நினைவு தப்புகிற ஆட்களாம். அதை நான் பார்த்திருக்கிறேன். போன வருடம் ஒரு ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளையின் கம்பளி நனைந்திருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து எழுந்தேன், ஒழுகவில்லை, அவ்வளவும் வேர்வை. கூப்பிட்டால் வேறு யாரிடமோ பேசுவதுபோல் பேசுகிறாள். சீனித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக உதட்டில் வைத்து, தானாக விழுங்கத் தொடங்கும்வரை என் வீட்டுக்காரி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள். வாரத்துக்கு ஒருமுறை அப்படி நடந்தால், பூஞ்சையோ புகையோ நானும் கையெழுத்துப் போட்டுவிடுவேனோ என்னவோ. ஆகவே அவர்கள் செய்தது தப்பென்று சொல்ல மாட்டேன்.

இன்னொன்று. தலைப்பில் வெறுமனே நீரிழிவு என்று போட்டீர்கள். என் அம்மாவுக்கும் சீனிதான். மெட்போமின் மாத்திரை விழுங்குகிறார். அது இரண்டாம் வகை. தோட்டத்தில் பத்து வீட்டுக்கு ஒரு வீட்டில் அது இருக்கிறது என்று சொன்னாலும் நம்புவேன். உங்கள் தலைப்பைப் பார்த்து அத்தனை பேரும் தங்களுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டார்கள். மறுபக்கம், சின்னவளுக்கு இந்த வருத்தம் வந்ததிலிருந்து ஊரே எனக்கு வைத்தியம் சொல்கிறது. பாகற்காய்ச் சாறு, கோவை இலை, சின்ன வயதில் இனிப்பு கொடுத்திருப்பீர்கள், பிள்ளையை நடக்கவிடுங்கள். அம்மாவுக்குச் சொல்ல வேண்டியதை மகளுக்குச் சொல்கிறார்கள். முதலாம் வகையில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. அவளுக்கு வந்த புதிதில் நாங்களும் அறியாமல்தான் இருந்தோம். தாகம், ஓயாமல் சிறுநீர், உடம்பு மெலிவு. பூச்சி என்று நினைத்துப் பூச்சிமருந்து கொடுத்தோம், திருநீறு போட்டோம். காட்டிய இடத்திலும் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கடைசியில் மூச்சு நெஞ்சை இழுத்து இழுத்து வாங்கியது, வாயில் பழுத்த பழம் மாதிரி ஒரு மணம். கொழுந்து லொறியில் போட்டுக்கொண்டு ஓடினோம். அந்த மணத்தைப் பற்றி உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரே ஒரு வரி எப்போதாவது வந்திருந்தால் நான் ஒரு நாள் முன்னாலேயே ஓடியிருப்பேன்.

அதனால் பை வருவதற்குள் எழுத வேண்டிய விஷயம் நிறைய இருக்கிறது. இன்சுலின் நமக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது, கும்பிட்டுச் சொல்கிறேன். குத்திப் பார்க்கும் ஸ்ட்ரிப் எங்கள் காசு. ஒரு டப்பாவில் 50. நாளுக்கு நாலு தடவை பார்த்தால் பன்னிரண்டு நாளில் முடிந்துவிடும். ஆகவே நாங்கள் இரண்டு தடவைதான் பார்க்கிறோம். கிளினிக் நாளில் வீட்டுக்காரி வந்தால் அவளுக்கு ஒரு பேர் (ஒரு நாள் சம்பளம்) போகிறது, நான் வந்தால் எனக்குப் போகிறது. பள்ளிக்கூடத்தில் மத்தியான ஊசியைப் போட அவள் கழிவறைக்குள் போகிறாள், மற்றப் பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று.

மருந்தை எப்படி வைப்பது என்றுகூட யாரும் எழுதுவதில்லை. எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. முதல் வருடம் மச்சானின் கடைப் பிரிட்ஜில் வைத்தோம். குளிர் கூடினால் நல்லதுதானே என்று நானே மேலே ஐஸ் தட்டுக்குள் தள்ளி வைத்தேன். உறைந்து இளகிய மருந்து பார்வைக்கு அப்படியேதான் இருந்தது. கலங்கிய மருந்தை உருட்டிப் பார்த்தபோதுதான் திரிதிரியாக ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்குள் இரண்டு நாள் ஊசி போட்டாகிவிட்டது, சீனி இறங்கவே இல்லை. உறைந்த இன்சுலின் வேலை செய்யாது என்று அப்புறம்தான் சொன்னார்கள். இப்போது பெரிய மண்சட்டியில் ஈர மணல் போட்டு, நடுவில் சின்னச் சட்டி வைத்து, அதற்குள் போத்தல்களைத் துணியில் சுற்றி வைக்கிறோம். எங்கள் குளிருக்கு அது தாராளம். காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிப்பது அம்மாவின் வேலை. விளக்கு வைப்பதற்கு முன்னால் அதைத்தான் செய்வார்.

நான் ஆராய்ச்சியை வேண்டாம் என்று சொல்லவில்லை. நார் படியாதபடி அல்ஜினேட்டையே மாற்றி அமைத்துப் பார்க்கிறார்கள் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில்; அங்கேயே, உடம்பில் இருக்கும் நீராவியைப் பிரித்து ஒட்சிசனை உண்டாக்கும் ஒரு கருவியை எலிகளில் சோதித்து 2023இல் எழுதியிருக்கிறார்கள். சுவீடனில் உப்சாலாவில் பையே இல்லாமல், படையின் கண்ணுக்குத் தெரியாதபடி மரபணு மாற்றிய கலங்களை ஒரு மனிதருடைய முன்னங்கைத் தசையில் வைத்தார்கள். அடக்கும் மருந்து இல்லாமலே அவை பிழைத்து இன்சுலின் விடுகின்றன. அளவு குறைவு என்பதால் அவர் இன்னும் ஊசி போடுகிறார். ஒரே ஒரு ஆள்தான். ஆனால் இதைச் சொன்னபோது சின்னவள் தன் முன்னங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் ஊரில்தான் தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு புது ரகத்தை அவர்கள் மலைக்கு விடுவதற்கு முன்னால் எத்தனை வருடம் பாத்தி கட்டிப் பார்க்கிறார்கள் என்பது இங்கே பிறந்த எல்லோருக்கும் தெரியும். பாத்தியில் நிற்கும் கன்றைக் காட்டி, நாளைக்குக் கொழுந்தெடுக்க வாருங்கள் என்று யாரும் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் கூப்பிடுவதில்லை. இந்தப் பொறுமை எங்களிடம் இருக்கிறது. சோதனை எலியிலா ஆளிலா, எத்தனை ஆளில், அடக்கும் மருந்தோடா இல்லாமலா, எந்த வகை நீரிழிவுக்கு என்று நாலு வரி சேர்த்து எழுதினால் போதும், காத்திருப்போம்.

ஒரு திருத்தம் போடுங்கள். கடைசிப் பக்கத்து மூலையில் வேண்டாம், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், படிக்கிற அளவு எழுத்தில். எங்களுக்கு அடுத்த கிளினிக் இந்த மாதக் கடைசிச் செவ்வாய். அதற்கு முந்திய ஞாயிறு வந்துவிட்டால், பழைய துண்டுக்கு மேலே ஒட்டிக்கொண்டு போவதாகச் சின்னவள் சொல்கிறாள். கொப்பியில் இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தேயிலை ஸ்டோர் தொழிலாளி ஒருவர்,
தலவாக்கலை.
(பெயரை வெளியிட வேண்டாம். பிள்ளை பள்ளிக்கூடம் போகிறவள்.)